கையால் கட்டிய மீன்பிடி ஃப்ளைகளை நெருக்கமாகப் படமெடுக்க ஒளி அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நேரில் பார்க்கும்போது அவ்வளவு நுணுக்கமாக இருக்கும் ஃப்ளை (தூண்டில் முள்ளில் இறகும் ரோமமும் சுற்றிப் பூச்சி போலக் கட்டும் செயற்கை இரை), படத்தில் மட்டும் முள்ளில் சிக்கிய பஞ்சு போலத் தெரிந்தால் பலரும் முதலில் லென்ஸைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் விளக்கு. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து நேராக முன்னால் அடிக்கிற ஒளி இறகு நார்களின் ஓரத்தைத் தின்றுவிடும், பித்தளை மணியில் ஒரு வெள்ளைப் பொட்டை வைக்கும், உடலில் சுற்றிய ரோமத்தை ஒரே கட்டியாக்கிவிடும். அதே கேமரா, அதே லென்ஸ், விளக்கை மட்டும் ஃப்ளைக்கு மேலே கொஞ்சம் பின்னால் கொண்டுபோனால் படம் வேறாகிவிடுகிறது.

ஒளியோடு மூன்று விதமாக நடந்துகொள்ளும் பொருள்கள் ஒரு ஃப்ளையில் சேர்ந்திருக்கின்றன. சேவலின் கழுத்து இறகிலிருந்து வரும் ஹாக்கிள், வாத்து இறகு, மெல்லிய சிறகுத் துண்டுகள் எல்லாம் ஒளியை உள்ளே விட்டு வெளியே அனுப்பும். டப்பிங் என்று நூலில் முறுக்கிச் சுற்றும் ரோமம் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். முள்ளின் தண்டு, மணி, செம்புக் கம்பி, ஜிகினா இழை, தலையில் பூசிய வார்னிஷ் இவையெல்லாம் கண்ணாடி, எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். நார்களுக்குப் பின்னாலிருந்து ஒளி வேண்டும், ரோமத்துக்குப் பக்கத்திலிருந்து, உலோகத்துக்கோ எதிரே ஒரு பெரிய வெளிச்சப் பரப்பு. ஒரே விளக்கால் இந்த மூன்றையும் முழுசாகத் திருப்திப்படுத்த முடியாது. அதனால் விளக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது எந்தப் பொருளுக்காக நிற்கிறது என்று தெரிந்துகொண்டே அமைக்க வேண்டும். கீழே இருப்பது அந்த வரிசைதான்.

ஃப்ளையைத் தயார் செய்து நிறுத்துவது

ஒளி நன்றாக அமையும்போது தூசியும் நன்றாகவே தெரியும். ஊதும் ரப்பர் பந்தால் ஊதிவிட்டு, மிச்சம் இருப்பதை மெல்லிய இடுக்கியால் எடுங்கள். பெட்டியில் நசுங்கிப்போன இறகாக இருந்தால் கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் சில விநாடி காட்டினால் நார்கள் நிமிர்ந்துவிடும். இடுக்கியால் பிடித்துக் காட்டுங்கள், விரல் ஆவியில் படக்கூடாது, அப்புறம் முழுசாகக் காயவிட வேண்டும். முள்ளின் கண்ணில், அதாவது தூண்டில் நூலைக் கோக்கும் ஓட்டையில், வார்னிஷ் அடைத்திருந்தால் இப்போதே ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள், நெருக்கப் படத்தில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

கட்டும்போது முள்ளை இறுக்கிப் பிடிக்கும் வைஸிலேயே வைத்து எடுக்கலாம், வசதிதான். ஆனால் வைஸின் பளபளப்பான தாடை ஒளியை வாங்கி ஃப்ளையின் அடிப்பக்கத்தில் திருப்பி அடிக்கும், முள்ளின் வளைவையும் பாதி மறைக்கும். ஒரு விறைப்பான மெல்லிய கம்பியின் நுனியில் கொஞ்சம் ப்ளூ டாக் மாதிரி ஒட்டும் களிம்பை வைத்து, முள்ளின் வளைவுக்குப் பின்பக்கம், லென்ஸின் பார்வையில் படாத இடத்தில் ஒட்டிவிடுவது எனக்குப் பிடித்த முறை. கம்பியின் மறுமுனையைக் கனமான எதிலாவது இறுக்கிவிடுங்கள். ஃப்ளை எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும், விளக்குகள்தான் அதைச் சுற்றி நகர வேண்டும்.

நிறுத்தும்போது முள்ளின் தண்டு கேமராவின் சென்சாருக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலே கண் தெளிவாகவும் வால் மங்கலாகவும் போய்விடும். வலது கைக்காரர்கள் கட்டும்போது முள்ளின் கண் வலப்பக்கம் இருக்கும், படத்திலும் அப்படியே வைப்பவர்கள் உண்டு. எந்தப் பக்கம் என்பது உங்கள் விருப்பம், ஆனால் ஒரு தொகுப்பில் இருக்கும் எல்லா ஃப்ளைகளும் ஒரே பக்கம் பார்க்கட்டும்.

கேமராவில் முடிவு செய்ய வேண்டியவை

14ஆம் எண் முள்ளில் கட்டிய ட்ரை ஃப்ளை (நீரின் மேல் மிதக்கும் வகை) ஏறக்குறைய 10 முதல் 12 மி.மீ. நீளம்தான். முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறுக்கும் என்பதால் 20ஆம் எண் இன்னும் பாதியளவாக இருக்கும். 1:1 உருப்பெருக்கத்தில், அதாவது பொருள் அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும்போது, 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் அந்த 14ஆம் எண் ஃப்ளை மூன்றில் ஒரு பங்கு அகலத்தைப் பிடிக்கும், ஏபிஎஸ்-சி சென்சாரில் கிட்டத்தட்ட பாதி. ஆகவே ட்ரை ஃப்ளைகளுக்கும், நீருக்கடியில் வாழும் இளம் பூச்சி போலக் கட்டும் நிம்ஃப்களுக்கும் உண்மையான மேக்ரோ லென்ஸ் தேவைப்படும். சிறு மீன் போலக் கட்டும் பெரிய ஸ்ட்ரீமர்களுக்குப் பாதி உருப்பெருக்கமே போதும்.

லென்ஸ் வாங்கும் யோசனையில் இருந்தால், ஒளி அமைக்கிற வேலைக்கு 60 மி.மீ. லென்ஸைவிட 100 மி.மீ. வசதி. 1:1இல் அதன் முன்முனைக்கும் ஃப்ளைக்கும் நடுவே சுமார் 13 முதல் 15 செ.மீ. இடம் கிடைக்கும். அந்த இடத்தில்தான் அட்டைகளையும், ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசரையும் நுழைக்கப் போகிறீர்கள். குறைந்த மி.மீ. லென்ஸில் லென்ஸே நிழல் போட்டுவிடும்.

அபெர்ச்சரில், அதாவது லென்ஸின் திறப்பில், ஒரு சிக்கல் இருக்கிறது (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்). 1:1இல் எஃப் 8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ. மட்டுமே, ஹாக்கிளின் அகலம் அதைப்போலப் பல மடங்கு. சரி, எஃப் 22 வைத்துவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. 1:1இல் லென்ஸில் குறித்திருக்கும் எண் நடைமுறையில் இரட்டிப்பாக வேலை செய்யும், எஃப் 11 என்று வைத்தது எஃப் 22 ஆக நடந்துகொள்ளும் (சில கேமராக்கள் இதைச் சேர்த்தே காட்டும்). அதற்கு மேல் மூடினால் ஒளி வளைந்து பரவி, நாரின் நுனியெல்லாம் மழுங்கிவிடும். ஒரே படமாக எடுப்பதென்றால் எஃப் 11. பல படங்களை எடுத்து அடுக்கப் போகிறீர்கள் என்றால் எஃப் 5.6 அல்லது எஃப் 8. ஐஎஸ்ஓ 100, ரா கோப்பு, மேனுவல் எக்ஸ்போஷர், மேனுவல் ஃபோக்கஸ். இவற்றைப் பூட்டிவிட்டு இனி விளக்குக்கு வரலாம்.

இருட்டிலிருந்து தொடங்குங்கள்

ஜன்னலை மூடுங்கள், அறை விளக்கை அணையுங்கள். உங்கள் விளக்கு எதுவும் எரியாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முழுக் கறுப்பாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால் அது வேறு நிறத்தில் வரும் அயல் ஒளி, பின்னால் நிறத்தைச் சரிசெய்யும்போது உயிரை வாங்கும். இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, தயவுசெய்து விடாதீர்கள்.

முதல் விளக்கு: மேலே, சற்றுப் பின்னால்

ஃப்ளைக்கு மேலே 10 செ.மீ. உயரத்தில் ஏ4 அளவு டிரேசிங் பேப்பரை ஒரு சட்டத்தில் விறைப்பாக ஒட்டி நிறுத்துங்கள். பால்வெள்ளை அக்ரிலிக் தகடு இருந்தால் இன்னும் நல்லது, ஒளி சீராகப் பரவும். அந்தத் தாளுக்கு மேலே 25 முதல் 30 செ.மீ. தள்ளி விளக்கு. விளக்கைத் தாளின் மேலேயே உட்கார வைத்தால் நடுவில் மட்டும் ஒரு வெளிச்ச வட்டம் விழும், தாள் இருப்பதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். தாள் முழுவதும் ஒரே அளவு ஒளிர வேண்டும், ஏனென்றால் இப்போது விளக்கு என்பது அந்தத் தாள்தான்.

ஒளி மென்மையாக இருப்பதும் கடினமாக இருப்பதும் விளக்கின் அளவில் மட்டும் இல்லை, ஃப்ளை இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்த வெளிச்சப் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதில் இருக்கிறது. பெரிய சாஃப்ட்பாக்ஸை ஒரு மீட்டர் தள்ளி வைப்பதைவிட ஒரு டிரேசிங் பேப்பரை 10 செ.மீ.இல் வைப்பது மென்மையான ஒளி தரும். இந்த அளவுப் பொருளைப் படமெடுப்பதில் உள்ள பெரிய சௌகரியமே அதுதான், விலை உயர்ந்த உபகரணம் எதுவும் இல்லாமல் ஒரு தாளே சூரியன் மறைந்த வானம் அளவுக்கு ஒளியைப் பரப்பிவிடும்.

இப்போது அந்தத் தாளை ஃப்ளைக்கு நேர் மேலே இருந்து 4, 5 செ.மீ. பின்னோக்கி, அதாவது கேமராவிலிருந்து விலக்கி நகர்த்துங்கள். நகர்த்தும்போதே லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையில் நேரடியாக, ஹாக்கிளைப் பாருங்கள். ஒரு கட்டத்தில் நார்களின் ஓரம் ஒவ்வொன்றாகப் பிரிந்து ஒளிர ஆரம்பிக்கும், உடலின் மேல்விளிம்பில் ஒரு கோடு விழும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் பின்னால் போனால் முன்பக்கம் இருண்டுவிடும். எவ்வளவு தூரம் என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, கட்டிய இறகின் அடர்த்தியைப் பொறுத்து மாறும். என் கருத்தில் முழு அமைப்பிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இது சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் சின்னச் சின்னத் திருத்தம்.

கீழிருந்து ஒரு அட்டை

மேலொளி மட்டும் இருக்கும்போது முள்ளின் அடிப்பக்கமும் வயிற்றுப் பகுதியும் இருளில் இருக்கும். இன்னொரு விளக்கை எடுக்க வேண்டாம். உள்ளங்கை அளவு வெள்ளை அட்டையைக் கேமராவுக்குக் கீழே, ஃப்ளையை நோக்கிச் சாய்த்து வையுங்கள். முதலில் 15 செ.மீ. தூரத்தில் வைத்து, மெல்ல மெல்ல அருகே கொண்டுவாருங்கள். டப்பிங்கின் இழையமைப்பு தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். நிழலே இல்லாமல் ஆக்கிவிட்டால் உருண்டையான உடல் தட்டையாகிவிடும்.

கருப்பு ரோமம், கருப்பு மரபூ இறகு போன்றவற்றுக்கு வெள்ளை அட்டை போதாது. அட்டையில் கசக்கி விரித்த அலுமினியத் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு சின்ன ஒப்பனைக் கண்ணாடியால் ஒளியை அந்த இடத்துக்கு மட்டும் திருப்புங்கள். கசக்காத அலுமினியத் தாளும் கண்ணாடியும் அடிக்கும் ஒளி கடினமானது, ஜிகினா இழை இருக்கும் பக்கம் திருப்பினால் புள்ளி புள்ளியாக வெடிக்கும்.

நார்களுக்குப் பின்னொளி

பின்னணி கருமையாகவோ நடுத்தரச் சாம்பலாகவோ இருந்தால் இந்த இரண்டாவது விளக்கு ஃப்ளைக்கு உயிர் கொடுக்கும். சின்ன எல்இடி டார்ச் போதும். ஃப்ளைக்குப் பின்னால் ஒரு பக்கமாக, கேமராவின் சட்டத்துக்குச் சற்று வெளியே வைத்து, ஃப்ளையை நோக்கித் திருப்புங்கள். இதற்கு டிஃப்யூசர் வேண்டாம், கடினமான ஒளியில்தான் நாரின் ஓரம் கூர்மையாக எழும். விளக்கு லென்ஸை நேராகப் பார்க்கிற திசையில் இருப்பதால், நடுவே ஒரு கருப்பு அட்டைத் துண்டை வைத்து லென்ஸின் மேல் ஒளி விழாமல் மறையுங்கள். மறைக்காவிட்டால் படம் முழுக்க ஒரு வெளுப்பு படரும்.

அளவு: மேலொளியைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக இருந்தால் அழகு, இரண்டு ஸ்டாப் என்றால் நுனிகள் வெளுத்துப்போகும். டார்ச்சின் வெளிச்சத்தைக் குறைக்க முடியாவிட்டால் தூரத்தை மாற்றுங்கள். 10 செ.மீ.இல் இருந்து 14 செ.மீ.க்கு நகர்த்தினாலே ஒளி பாதியாகிவிடும், அதாவது ஒரு ஸ்டாப்.

ஒரு எச்சரிக்கை. பின்னொளி நாரின் வடிவத்தைக் காட்டும், அதன் மேல் இருக்கும் நிறக்கோடுகளைக் காட்டாது. 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் ஃப்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு ஹாக்கிளும் கருப்பு வெள்ளை வரியோடிய கிரிஸ்லி ஹாக்கிளும் கலந்து சுற்றியதுதான் அதன் அடையாளம். பின்னொளியை மட்டும் நம்பினால் இரண்டும் ஒரே பொன்னிறத் தூசியாகிவிடும். இப்படிப்பட்ட ஃப்ளைகளில் முன்பக்க அட்டையை அருகே கொண்டுவந்து, பின்னொளியைக் குறைத்துவிடுங்கள்.

உலோகமும் வார்னிஷும்

இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். ஒரு பித்தளை மணி தன்னைச் சுற்றியுள்ள அறை முழுவதையும், உங்கள் கேமராவையும் சேர்த்து, சுருக்கிக் காட்டும். அதன் மேல் எவ்வளவு வெளிச்சம் அடிக்கிறீர்கள் என்பதைவிட, அது எதைப் பார்க்கிறது என்பது முக்கியம். வெள்ளைத் தாளைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாகத் தெரியும், இருட்டைப் பார்க்கும் பக்கம் கறுப்பாகத் தெரியும். ஆகவே மணி பார்க்கிற இடத்தில் எல்லாம் நீங்கள் விரும்புவதை வைத்துவிட வேண்டும்.

நடைமுறையில் இப்படி: மேலே இருக்கும் டிரேசிங் பேப்பரை வளைத்து, ஃப்ளையின் இரண்டு பக்கமும் இறங்கும்படி அரைவட்டக் கூரையாக்குங்கள். மணியில் இருந்த சின்ன வெள்ளைப் பொட்டு நீண்டு பரந்த ஒரு மினுக்கமாக மாறும், உண்மையான பித்தளை நிறம் அப்போதுதான் வெளியே வரும். முழு வட்டமாக மூடிவிடாதீர்கள். எல்லாப் பக்கமும் வெள்ளையானால் மணி உருண்டை என்பதே தெரியாது. கேமரா இருக்கும் பக்கம் லென்ஸைச் சுற்றி ஒரு கருப்பு அட்டை, நடுவில் லென்ஸுக்கு ஓட்டை. அது மணியின் நடுவில் கருமையாகத் தெரிந்து, ஓரத்து மினுக்கத்தைத் தூக்கிக் காட்டும்.

முள்ளின் தண்டு உருளை வடிவக் கண்ணாடி. மேலே பெரிய தாள் இருந்தால் அதன் நீளத்துக்கும் ஒரு சீரான ஒளிக்கோடு விழும். அந்தக் கோடு உடைந்து உடைந்து தெரிந்தால் தாள் போதுமான நீளம் இல்லை என்று அர்த்தம். கருமையான முள் கருப்புப் பின்னணியில் காணாமல் போகும்போதும் இதே கோடுதான் அதை மீட்டுக் கொடுக்கும், தாளைக் கொஞ்சம் பின்னுக்கு நீட்டினால் போதும்.

தலையில் பூசிய வார்னிஷிலும் யுவி ரெசினிலும் (புற ஊதா ஒளியில் இறுகும் பூச்சு) தெரியும் மினுக்கம் உங்கள் விளக்கின் அச்சு அசல் பிரதிபலிப்பு. இரண்டு விளக்கு முன்னால் இருந்தால் இரண்டு பொட்டு. ஒரு தலைக்கு ஒரே மினுக்கம், அதுவும் நீளவாக்கில், அவ்வளவுதான் இருக்க வேண்டும். இரண்டாவது தெரிந்தால் எந்த விளக்கிலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், பெரும்பாலும் கீழே வைத்த அலுமினியத் தாளாக இருக்கும்.

மயிற்பீலிக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. அதன் பச்சையும் செம்பு நிறமும் சாயத்தால் வந்தவை இல்லை, இழைக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்கமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருபவை. கோணம் மாறினால் நிறமும் மாறும். பின்னொளியில் அது வெறும் கருப்புக் கயிறு. கேமராவின் பக்கத்திலிருந்து, லென்ஸுக்குச் சற்று மேலே ஒரு சின்ன மென்மையான ஒளியைச் சேர்த்து, பச்சை எழும்பும் வரை அதை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள்.

போலரைசர் போடலாமா?

லென்ஸில் மட்டும் போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) மாட்டினால் வார்னிஷ் மினுக்கம் ஓரளவு அடங்கும், அதுவும் ஒளி சுமார் 55 பாகைச் சாய்வில் வந்து திரும்பும்போது. உலோகத்தின் மினுக்கத்தை அது தொடாது. விளக்குகளின் முன்னால் போலரைசர் தாளை வைத்து, லென்ஸ் போலரைசரை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் கதை வேறு. வார்னிஷ், நாரின் மேற்பரப்புப் பளபளப்பு, உலோகம் எல்லாவற்றின் மினுக்கமும் அணைந்து, சாயத்தின் நிறம் மட்டும் அடர்த்தியாக நிற்கும். சாயமேற்றிய ரோமத்தின் சரியான நிறத்தை ஆவணப்படுத்த அருமையான முறை. ஆனால் மணி கரிக்கட்டை ஆகிவிடும், மயிற்பீலியும் அணைந்துவிடும், வெளிச்சத்தில் ஏறக்குறைய 3 ஸ்டாப் போகும். அழகுக்காக எடுக்கும் படத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிறப் பதிவுக்காக இரண்டாவதாக ஒரு படம் எடுப்பதென்றால் கட்டாயம் செய்து பாருங்கள். போலரைசர் தாள் சூட்டில் கெட்டுவிடும், விளக்கிலிருந்து தள்ளியே வையுங்கள்.

பின்னணி

பின்னணித் தாளை ஃப்ளையிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளி வையுங்கள். ஃப்ளையின் நிழல் அதில் விழாது, தாளின் சொரசொரப்பும் மங்கிவிடும். விளக்குக்கும் ஃப்ளைக்கும் 15 செ.மீ., விளக்குக்கும் பின்னணிக்கும் 60 செ.மீ. என்றால் பின்னணியில் விழும் ஒளி 16இல் ஒரு பங்குதான், 4 ஸ்டாப் குறைவு. வெள்ளைத் தாளே சாம்பலாகத் தெரியும். இதைப் புரிந்துகொண்டால் ஒரே தாளை வைத்து, தூரத்தை மட்டும் மாற்றிப் வெளிர் சாம்பலிலிருந்து கருமை வரை பல பின்னணி கொண்டுவரலாம்.

எது பொருந்தும் என்பதை ஹாக்கிளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளிர் நிற ஹாக்கிள் வெள்ளையில் கரைந்துவிடும், கருப்பு ஹாக்கிள் கருப்பில் கரைந்துவிடும். எதை வைப்பது என்று தெரியாதபோது நடுத்தரச் சாம்பல், இல்லையென்றால் சற்று நீலம் கலந்த சாம்பல், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும். தூய வெள்ளை வேண்டும் என்றால் பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டைப் பின்னால் நிறுத்தி, அதற்குப் பின்னாலிருந்து தனி விளக்கு கொடுங்கள். அது வெண்மையைத் தொட்டால் போதும். மிஞ்சினால் வெளிச்சம் வழிந்து மெல்லிய நார்களை அரித்துவிடும். தகடு சட்டத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும், மிச்சத்தைக் கருப்பு அட்டையால் மூடிவிடுங்கள்.

நிறம்

சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 95க்கு மேல் உள்ள எல்இடி விளக்கு, 5000 முதல் 5600 கெல்வின். எல்லா விளக்கும் ஒரே வகையாக இருந்தால் மிகவும் நல்லது. மலிவு எல்இடிகளில் சிவப்புதான் முதலில் செத்துப்போகும், சிவப்பு ஹாக்கிள் பழுப்பாக வரும், அதை மென்பொருளில் மீட்பது பெரும்பாடு. டிரேசிங் பேப்பரும் அக்ரிலிக்கும் தாங்களும் கொஞ்சம் நிறம் சேர்க்கும் என்பதால், எல்லாம் அமைத்து முடித்த பிறகு, ஃப்ளை இருக்கும் அதே இடத்தில் சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்து, அதை வைத்து வெண்சமநிலையைச் சரிசெய்யுங்கள்.

ஒளிரும் வகை நூல்களும் டப்பிங்கும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் வாங்கி நிறமாகத் திருப்பித் தருபவை. சாதாரண எல்இடியில் புற ஊதா மிகக் குறைவு, அதனால் பகலில் பளிச்சென்று இருக்கும் நூல் படத்தில் அடக்கமாகத் தெரியலாம். பளிச்சென்று வேண்டும் என்றால், ரெசினை உறைய வைக்கும் யுவி டார்ச்சைத் தூரத்திலிருந்து லேசாகச் சேர்க்கலாம். கண்ணில் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷா, எல்இடியா?

ஃபிளாஷை 1/16 திறனிலோ அதற்குக் கீழோ வைத்தால் அதன் வெட்டு ஒரு விநாடியின் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீடிக்கும், மேசை அதிர்ந்தாலும் நார் ஆடினாலும் படம் உறைந்து நிற்கும். எல்இடியில் ஷட்டர் 1/8 விநாடி, 1/4 விநாடி என்று போகும். மூச்சுக் காற்றிலேயே ஹாக்கிள் நுனி ஆடும், மின்விசிறி ஓடினால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது எல்இடிதான். விளக்கை ஒரு செ.மீ. நகர்த்தினால் என்ன ஆகிறது என்று கண்ணாலேயே பார்க்க முடிகிறது, ஃபிளாஷில் ஒவ்வொரு முறையும் படம் எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விசிறியை நிறுத்துங்கள், 2 விநாடி டைமர் வையுங்கள், டிரைபாட் இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள். எலக்ட்ரானிக் ஷட்டரில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் அது எல்இடியின் துடிப்பு, மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, ஷட்டர் வேகத்தையும் குறைத்துப் பாருங்கள்.

அடுக்கி எடுப்பது

கண்ணிலிருந்து வால் வரை, அருகில் இருக்கும் நார் நுனியிலிருந்து பின்பக்க நுனி வரை எல்லாம் தெளிவாக வேண்டும் என்றால் ஃபோக்கஸ் ஸ்டாக்கிங், அதாவது ஃபோக்கஸை நகர்த்தி எடுத்த பல படங்களை மென்பொருளில் ஒன்றாக அடுக்குவது, தவிர வேறு வழியில்லை. 1:1இல் எஃப் 5.6 என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 0.3 மி.மீ. முன்னேறுங்கள், 9 மி.மீ. ஆழத்துக்குச் சுமார் 30 படம் ஆகும். முதல் படம் முன்னால் நிற்கும் நாருக்கும் சற்று முன்னே தொடங்கட்டும்.

அடுக்குவதற்காக ஒளியிலும் ஒரு மாற்றம் தேவை. கடினமான பின்னொளி குறுக்கும் நெடுக்குமாகப் போகும் நார்களில் ஒளிவட்டங்களை உண்டாக்கும், மென்பொருள் அவற்றைப் பிரிக்கத் தெரியாமல் ஒவ்வொரு நாரைச் சுற்றியும் ஒரு மங்கல் விளிம்பை விட்டுவிடும். அதனால் பின்னொளி டார்ச்சின் முன்னும் ஒரு சின்ன டிரேசிங் பேப்பரை வைத்து, வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைத்துவிடுங்கள். ஜெரீன் ஸ்டாக்கர் என்ற அடுக்கும் மென்பொருளில் பிமேக்ஸ் முறை குறுக்கே போகும் நார்களுக்குப் பொருத்தம், டிமேப் முறை வழவழப்பான உடலின் நிறத்தை நன்றாகக் காப்பாற்றும். இரண்டிலும் எடுத்து, தேவையான இடங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

ஃப்ளைக்கு ஏற்ற மாற்றங்கள்

ட்ரை ஃப்ளைக்கு மேலே சொன்ன அமைப்பு அப்படியே பொருந்தும். மான் வகை ரோமச் சிறகு உள்ளவற்றில், உதாரணத்துக்கு அல் ட்ரோத்தின் எல்க் ஹேர் காடிஸில், அந்த வெளிர் ரோமம்தான் முதலில் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை அதற்காகக் குறைத்து அமைத்து, உடலை அட்டையால் தூக்குங்கள்.

நிம்ஃப்களில் பின்னொளிக்கு அதிகம் வேலை இல்லை, பக்கத்திலிருந்து தாழ்வாக வரும் ஒளிக்குத்தான் வேலை. ஃபிராங்க் சாயர் உருவாக்கிய பெசண்ட் டெயில் நிம்ஃபில் நூலுக்குப் பதிலாக மெல்லிய செம்புக் கம்பிதான் எல்லாவற்றையும் கட்டிப் பிடிக்கிறது. அந்தக் கம்பியின் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்றால், டிரேசிங் பேப்பரைத் தலைப்பக்கம் நோக்கிச் சாய்த்து, முள்ளின் நீளவாக்கில் ஒளி வரும்படி செய்யுங்கள்.

ஸ்ட்ரீமர்களின் மரபூ உலர்ந்திருக்கும்போது உருண்டு திரண்டு நிற்கும், தண்ணீரில்தான் அதன் உண்மையான உருவம். நனைத்து எடுத்தால் நார்கள் ஒட்டிக்கொண்டு அசிங்கமாகிவிடும். உலர்ந்த நிலையில் பெரிய தாள், மெல்லிய பின்னொளி, இதுவே போதும். ஜிகினா இழைகள் அதிகம் இருந்தால் டார்ச்சை அணைத்துவிடுங்கள், மேலிருக்கும் தாளின் ஒளியே அவற்றை மினுக்கிவிடும்.

கைபேசியில்

ஒளி அமைப்பில் ஒன்றும் மாறாது. கிளிப் லென்ஸ் மாட்டினால் ஃப்ளைக்கு மிக அருகில் போக வேண்டியிருக்கும், கைபேசியே நிழல் போடும். டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்தித் தள்ளி நின்று எடுங்கள். திரையில் ஃப்ளையின் மேல் அழுத்திப் பிடித்து ஃபோக்கஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டி, பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கருப்புப் பின்னணியைப் பார்த்துக் கைபேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், ஹாக்கிள் நுனிகள் எரிந்துபோவது அதனால்தான்.

எல்லாம் சரியாக வந்த அமைப்பைக் கலைக்கும் முன், அந்த மேசையை ஒரு பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். தாளின் உயரம், எவ்வளவு பின்னால் தள்ளினீர்கள், டார்ச்சின் தூரம், அட்டையின் தூரம், இந்த நான்கு அளவையும் ஃப்ளையின் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே வகை ஃப்ளைக்கு அங்கிருந்தே தொடங்கி, நார்கள் பிரியும் இடத்தை மட்டும் லைவ் வியூவில் பார்த்துத் தாளைச் சரிசெய்தால் போதும்.